ஓட்டை விழாத கடுகிலை

ஜூன் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். உங்கள் நலத்தைத் தனியாகவும் அண்ணன் கையின் நலத்தைத் தனியாகவும் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து "எல்லாரும் சௌக்கியம்" என்று எழுதினால் நம்பமாட்டேன்.

போனிலேயே கேட்கலாம். ஆனால் நீங்கள் பேசும்போது அண்ணன் பின்னால் நின்று பதில் எடுத்துக்கொடுப்பது எனக்குக் கேட்கிறது. போன வாரம் கை நடுக்கம் எப்படி என்று கேட்டேன். "எந்த நடுக்கம்னு கேளு" என்று ஒரு குரல். அதனால்தான் கடிதம்.

கோஸ் வரிசைகளுக்கு நடுவில் கடுகு எதற்கு என்று பக்கத்து வயல் டெய்லர் கேட்டுச் சிரித்தாராமே. தையலை விட்டு விவசாயத்துக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அவர் டெய்லர்தான், வாயும் கத்தரிதான். அவரிடம் இப்படிச் சொல்லுங்கள். கோஸைத் தின்னும் புழுவின் தாய்ப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும். அது கடுகில் முட்டையிடட்டும், புழு கடுகைத் தின்னட்டும். கடுகைப் பறிகொடுத்துக் கோஸைக் காப்பாற்றுகிறோம். அந்தப் புழுவைத் தேடிச் சிலந்தி வரும், புழுவின் உடம்புக்குள் முட்டையிடச் சின்னக் குளவி வரும். எடுத்தவுடன் மருந்து அடித்தால் முதலில் சாவது இந்த இரண்டும்தான். மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. புழு எல்லை மீறினால், எந்த மருந்து, எவ்வளவு என்று நான் சொன்ன பிறகு அடிக்கலாம்.

சொந்த அண்ணன் வயலில் சோதனை வைக்காதே என்று எங்கள் பூச்சி ஆராய்ச்சி அலுவலகத்தில் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக வைத்தேன். இந்த ஒரு பருவமாவது அவர் மருந்து டேங்கை முதுகில் மாட்டமாட்டார் என்ற ஆசை. டேங்கை மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பத்திரமாக வையுங்கள். இன்னும் கொஞ்ச காலம் அந்த மருந்தை மூச்சில் இழுத்தால் டம்ளர் பிடிக்கக் கை இருக்காது என்று டாக்டர் சொன்னதை மறக்க வேண்டாம்.

புழு எண்ணிக்கையை அண்ணன் என் அலுவலகத்துக்கு அனுப்பட்டும். எனக்கு நீங்கள் ஒவ்வொரு கடிதத்தோடும் ஒரு கடுகிலை வையுங்கள். தேடிப் பறிக்கக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு முதலில் படும் இலை. அது கணக்குக்கு ஆகாது, என் மனசுக்கு.

இப்படிக்கு,
சண்டை போட நேரமில்லாத உங்கள் நாத்தனார்


ஜூன் 27

அன்பு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

நான் நன்றாக இருக்கிறேன். உன் அண்ணன் கை பரவாயில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கேட்டால் சூடாக இருக்கிறதாம்.

நீ எழுதியதை டெய்லரிடம் சொன்னேன். "அப்ப புழுவுக்கு விருந்து வெச்சு வழியனுப்புறீங்க. சரி அண்ணி, உங்க நாத்தனார் படிச்சது புழுவுக்கும் தெரியணுமே?" என்றார். உன் அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "அவ படிச்சுக்கிட்டிருந்தப்ப நீ காஜா எடுத்துக்கிட்டு இருந்த. பேசாம போ" என்றார். அவர் பேசாமல் போகிற ஆளா? எனக்கு அவர் தைத்த ஜாக்கெட் ஒன்றுகூடச் சரியாக அமைந்ததில்லை. வாய் மட்டும் அளவெடுத்துத் தைத்தது.

உன் கடிதத்தை வழக்கம்போல உன் அண்ணனுக்கு உரக்கப் படித்தேன். நடுக்கம் வரும் இடத்தைத் தாண்டிவிட்டேன். எழுத்து ஆடுகிறது, படிக்க முடியவில்லை என்கிறார். ஆடுவது எது என்று நான் சொல்லவில்லை.

இலை வைத்திருக்கிறேன். சல்லடை மாதிரி இருக்கிறது. எனக்குப் பார்க்கவே வயிறு எரிகிறது. நீ சந்தோஷப்படுவாய் என்கிறார் உன் அண்ணன். என்ன படிப்போ.

சாவி சர்க்கரை டப்பாவுக்குள் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரையும் கூடாது, சாவியும் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

எனக்கு வழக்கமான தலைவலி. மற்றபடி நலம். அங்கே மழை விட்டு விட்டுப் பெய்வதாகச் செய்தியில் சொன்னார்கள். ஈரத்தில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

சந்தோஷப்பட்டேன், உண்மைதான். உங்கள் சல்லடை இலையின் அடியில் அரிசிக் குறுணை போல ஒரு வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தது. அது குளவியின் கூடு. ஒரு புழுவின் கதையை முடித்துவிட்டுக் கட்டியது. பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மேடம் இவ்வளவு சிரிப்பு?" என்றாள். நான் சிரித்ததை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

வரும் வாரங்களில் புழு ஏறும். கடுகு கந்தலாகும், கோஸிலும் கொஞ்சம் தெரியும். பயப்பட வேண்டாம். குளவி பெருகக் கொஞ்சம் நாளாகும். ஏறித்தான் இறங்கும்.

உங்களிடம் சொன்னால் மனசு ஆறும் என்று ஒன்று எழுதுகிறேன். இயக்குநர் நேற்றுக் கூப்பிட்டார். ஆகஸ்ட் கடைசியில் மற்ற விவசாயிகளைக் கூட்டி உங்கள் வயலைக் காட்டவேண்டும். அன்றைக்கு வயல் பார்க்க நன்றாக இல்லாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவார்கள். "இத்தனை வருஷம் பூச்சியை வளர்த்தீங்க, போதும்" என்றார் எல்லார் முன்னாலும். கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் கையைப் பற்றி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 31

அன்பு நாத்தனாருக்கு,

எல்லாரும் சௌக்கியம்.

புழு ஏறியது. நீ சொன்ன மாதிரியே இறங்கிவிட்டது. கோஸ் உருண்டை கட்ட ஆரம்பித்திருக்கிறது. டெய்லர்கூட வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

உன் அண்ணன் விடியும் முன்பே எழுந்து வயலுக்குப் போய்விடுகிறார். வெயிலுக்கு முன்னால் எண்ணினால்தான் புழு சரியாகத் தெரியுமாம். எனக்கு வேலை அதிகம். அவர் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டியிருக்கிறது. சேறு.

இலை வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டுதான் பறித்தேன்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் கடிதம் சின்னதாக இருந்தது. வேலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பாதவள் என்று எனக்கு இங்கே பெயர். உங்கள் இலையையும் இரண்டு முறை பார்த்தேன். ஒரு ஓட்டைகூட இல்லை. அண்ணன் அனுப்பிய எண்ணிக்கையும் அதையேதான் சொல்கிறது. ஏறி, ஒரே வாரத்தில் இறங்கியிருக்கிறது. இலையின் ஓரத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு. தண்ணீர்க் கறையாக இருக்கும்.

இயக்குநர் எண்ணிக்கையைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சொல். இருபத்தேழாம் தேதி வருகிறோம். வந்தவர்களுக்கெல்லாம் சமைக்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள்.

அண்ணனிடம் சொல்லுங்கள், அவர் தங்கை தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்று.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 3

அன்பு நாத்தனாருக்கு,

நீ நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாய் என்று உன்னோடு போனில் பேசிவிட்டு உன் அண்ணன் சொன்னார். நீ இளைத்திருக்கிறாய். உன் அலுவலகத்துக்காரர்கள் யாரும் இளைத்த மாதிரி தெரியவில்லை.

அன்றைக்கு நீ பேசியதைக் கேட்டு உன் அண்ணன் ஒரு வாரமாகத் தெருவில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வயலோரப் பந்தலிலேயே நின்றுவிட்டாய். வயலுக்குள் இறங்குவாய், கடுகு வரிசையைப் பார்ப்பாய் என்று நினைத்தேன். செருப்பு சேறாகிவிடும் என்று விட்டுவிட்டாயோ என்னவோ. சாப்பிடும்போது உன்னிடம் ஒன்று சொல்ல வந்தேன். அதற்குள் உன் இயக்குநர் தண்ணீர் கேட்டார்.

டெய்லர் மாறிவிட்டார். "அண்ணி, நான் வாயத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்கிறார். அடுத்த போகம் தன் வயல் முழுவதும் நீ சொன்ன முறைதானாம். பின்பக்க நிலத்தையும் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் இந்தக் கோஸை நம்பித்தான்.

எனக்காக ஒரு வரி எழுது. முதல் தடவை பாதி வயலில் மட்டும் செய்து பார்க்கட்டும் என்று உன் கையால் எழுது. நான் சொன்னால் பொறாமை என்பார். வரும் வாரம் நடப்போகிறார். சீக்கிரம் எழுது.

இலை வைத்திருக்கிறேன். பார்.

உன் அண்ணி


செப்டம்பர் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அறிக்கை வேலை. அச்சுக்குப் போய்விட்டது.

டெய்லர் முழு வயலிலும் செய்யலாம். பாதியில் செய்துவிட்டு மறுபாதியில் மருந்து அடித்தால், அந்த மருந்து இந்தப் பாதியின் குளவியையும் கொல்லும். குளவிக்கு எல்லைக் கல் தெரியாது. அதனால் முழுவதும் செய்வதே சரி. அறிக்கையில் உள்ள அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன், அவருக்குக் கொடுங்கள். புழு எந்த அளவு ஏறும்வரை மருந்து அடிக்காமல் காத்திருக்கலாம் என்று அதில் இருக்கிறது.

இனி இலை அனுப்ப வேண்டாம். சோதனை முடிந்துவிட்டது. தபாலில் நொறுங்கி வருகிறது.

அண்ணனுக்கு என் அன்பு.

நாத்தனார்


நவம்பர் 14

அன்பு நாத்தனாருக்கு,

நீ நலமாக இருக்கவேண்டும். இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை.

டெய்லர் வயல் போய்விட்டது.

உன் கடிதம் வருவதற்குள் அவர் முழுவதும் நட்டுவிட்டார். கடிதத்தையும் காட்டினேன், சந்தோஷப்பட்டார். கடுகு வரிசை நம்முடையதைவிட அழகாகப் போட்டார், நூல் பிடித்த மாதிரி. புழு ஏற ஆரம்பித்ததும் அட்டவணையை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, உங்க வயல்லயும் இதே அளவுக்கு ஏறி, தானா எறங்குச்சில்ல? எனக்கும் எறங்குமில்ல?" என்று கேட்டார்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உன் அண்ணன் அட்டவணையை வாங்கி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு "எறங்கும்" என்றார்.

இறங்கவில்லை. மறுபடி வந்து கேட்டார். மறுபடி "இன்னும் ரெண்டு நாள் பாரு" என்றார். அதற்குப் பிறகு அவர் மருந்து வாங்கி அடித்தும் பிரயோஜனம் இல்லை. கோஸ் எல்லாம் உள்ளே அழுகிவிட்டது. ஆட்டுக்குப் போடக்கூட ஆள் வரவில்லை. நேற்று வீட்டு வாசலில் நின்று, "உங்க வயலுக்கு என்ன ராசியோ அண்ணி, என் கைக்கு வரல. கத்தரிக்கோல் புடிச்ச கை பாருங்க" என்று சிரித்தார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

உன் அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன்.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அண்ணி


நவம்பர் 30

நாத்தனாருக்கு,

பதில் இல்லை. போன் எடுத்தால் அண்ணனிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஏதாவது என்றால் சொல். உடம்புக்கு ஒன்றும் இல்லையென்றாலும் சொல்.

உன் அண்ணி


டிசம்பர் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை.

ஜூலை மாதத்து இலை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன். கோஸ் இலை முழுசாக இருந்தால் சந்தோஷப்படலாம். கடுகிலை முழுசாக இருக்கக் கூடாது, அண்ணி. அது தின்னப்படுவதற்காகவே விதைத்தது. குளவி வந்து புழு குறைந்திருந்தாலும், அதற்கு முன்பு விழுந்த ஓட்டைகள் இருந்திருக்கும், புதிய கூடுகள் இருந்திருக்கும். ஒன்றுமே இல்லாத இலை என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். முதலாண்டு மாணவிக்குத் தெரியும். எனக்கு அன்றைக்கே தெரிந்தது.

அந்த வெள்ளைத் திட்டும் தண்ணீர்க் கறை இல்லை. மருந்துத் துளி காய்ந்தால் எப்படி இருக்கும் என்று நான் வகுப்பெடுத்திருக்கிறேன்.

வயலுக்கு வந்த அன்று நான் இறங்காமல் நின்றது செருப்புக்காக இல்லை. இறங்கினால் கடுகு வரிசையில் ஒரு சிலந்திவலைகூட இருக்காது. அதைப் பார்த்துவிட்டால் பந்தலில் நின்று பேச முடியாது. செப்டம்பரில் நீங்கள் பாதி வயல் என்று எழுதியபோது எனக்கு உங்கள் குரலே கேட்டது. கேட்டுக்கொண்டேதான் முழுவதும் என்று எழுதினேன். இலையையும் நிறுத்தச் சொன்னேன். உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட நான், எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.

டெய்லர் வயலுக்குக் குளவி எங்கிருந்து வரவேண்டும்? நம் வயலிலிருந்து. அங்கே நாம் எதை மிச்சம் வைத்தோம்? எறங்கும் என்று அண்ணன் சொன்னது அவர் வார்த்தை இல்லை, என் அட்டவணை.

அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இயக்குநருக்கு இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சோதனை வயலில் மருந்து அடிக்கப்பட்டிருக்கிறது, அடையாளம் தெரிந்தும் நான் சரிபார்க்கவில்லை என்று எழுதினேன். யார் அடித்தார் என்று எழுதவில்லை. ஆனால் டெய்லர் கேட்டால் பொய் சொல்லமாட்டேன். மாதக் கடைசியில் வந்து அவரிடம் நானே சொல்கிறேன்.

அண்ணனிடம் நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். ஒன்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். முகமூடியாவது போட்டுக்கொண்டாரா?

நாத்தனார்


டிசம்பர் 21

என் நாத்தனாருக்கு,

முகமூடி போடவில்லை. வெள்ளையாகத் தெரியும், யாராவது பார்த்துவிடுவார்கள் என்றார்.

உன் ஜூலைக் கடிதத்தை அவருக்கு உரக்கப் படித்தேன். எப்போதும் நடுக்கம் வரும் இடத்தைத் தாண்டிவிடும் எனக்கு, கழிவறையில் நின்றதைத் தாண்டத் தெரியவில்லை. "எந்தங்கச்சிய எல்லார் முன்னாலயும் அப்படிக் கேட்டானா?" என்றார். மறுநாள் விடியற்காலையில் சாவி கேட்டார். நான் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "ஒரு தடவதான். அவளுக்காக" என்றார். சர்க்கரை டப்பாவிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை. எத்தனை என்று கேட்காதே. எண்ணிக்கையையும் அவரே ஏற்றி இறக்கி எழுதினார். அதிலும் டெய்லரைச் சமாளிக்க வேண்டும், உன் இயக்குநரைச் சமாளிக்க வேண்டும் என்று யோசித்து யோசித்து எழுதினார்.

சேறு என்று உனக்கு எழுதினேனே, அது சேறு இல்லை.

ஆனால் இலையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டுதான் பறித்தேன். ஓட்டை விழுந்த பழைய இலையைத் தேடி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நீ பார்த்துக் கண்டுபிடித்துக் கேட்டுவிடுவாய், நான் வாய் திறக்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். படித்தவள்தானே, தெரிந்துகொள்ளட்டும் என்று உன் தலையில் வைத்தேன். நீ இலையே வேண்டாம் என்று என் தலையில் வைத்தாய். நடுவில் டெய்லர்.

நீ மாதக் கடைசியில் வர வேண்டியதில்லை. உன் கடிதத்தை இந்தத் தடவை எதையும் தாண்டாமல் படித்தேன். கேட்டு முடித்ததும் உன் அண்ணன் எழுந்து டெய்லர் வீட்டுக்குப் போனார். பின்னாலேயே போனேன். வாசலில் நின்றபடியே, "நான் மருந்து அடிச்சேன். எறங்கும்னு சொன்னது பொய்" என்றார். அதற்கு மேல் வரவில்லை. உன் பெயரை எடுக்கவே இல்லை.

நான் எடுத்தேன். அவர் தங்கைக்காகச் செய்தார், சாவி கொடுத்தது நான் என்றேன்.

உன் அண்ணன் அவசரத்தில் மேல் பொத்தான் போடாமல் வந்திருந்தார். டெய்லர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உங்க பாசத்தக் காட்ட என் கோஸ்தான் கெடைச்சுதாண்ணே?" என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் சிரிப்பில்லாத பேச்சு நான் கேட்டது அது ஒன்றுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

டெய்லர் மகள் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

உன் அண்ணி


மார்ச் 17

அன்பு நாத்தனாருக்கு,

உன்னை விதைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று அண்ணனிடம் போனில் சொன்னாயாம். தூசி அதிகமாக இருக்கும், தலையில் துண்டு கட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

கையைப் பற்றிக் கேட்டிருந்தாய். தாண்டாமல் எழுதுகிறேன். வலது கையில் டம்ளர் நிற்பதில்லை. இடது கை பரவாயில்லை. டாக்டர் இதற்கு மேல் மோசமாகாமல் பார்க்கலாம், பழையபடி ஆகாது என்கிறார்.

நாங்கள் மறுபடி கடுகு போட்டிருக்கிறோம். திட்டம் இல்லை, பந்தல் இல்லை, இயக்குநர் இல்லை. டேங்கை உன் அண்ணன் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். எண்ணுவது நான். எழுதுவதும் நான். கோஸ் பாதிக்குப் பாதி அடிவாங்கியிருக்கிறது. விற்கும்போது முகம் கொடுத்துப் பேச முடியாது. ஆனால் கடுகில் சிலந்திவலை பார்த்தேன். வெள்ளைக் குறுணையும் ஒன்றிரண்டு பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டுக் காட்ட முடியவில்லை.

இந்த ஊரில் வேறு யாரும் கடுகு போடவில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். டெய்லர் புது டேங்க் வாங்கியிருக்கிறார். நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை, பேசுவதும் இல்லை. ஆனால் காலையில் வரப்போடு போகும்போது நின்று, நம் கடுகில் ஒரு இலையைப் பறிப்பார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். கீழே போட்டுவிட்டுப் போய்விடுவார். தினமும் இதேதான். உன் அண்ணன் மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். போன பிறகு போய் அந்த இலையை எடுத்து அவரும் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்.

உனக்கு வைக்க வேண்டும் என்று நேற்று நான் கண்ணை மூடிக்கொண்டு ஒன்று பறித்தேன். சரியான சல்லடை. கண்ணைத் திறந்தால் எதிரே டெய்லர் நிற்கிறார். கையை நீட்டினார். கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார். நேற்று அவர் அதைக் கீழே போடவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அதனால் இந்தத் தடவை உறைக்குள் இலை இல்லை.

உன் அண்ணி